மார்ச் 25: உன் ஸ்டேட்டஸைப் பார்த்து எழுதுகிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

‘வரலாற்றில் இன்று’ என்று தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறாய். நானும் விடாமல் பார்க்கிறேன். ‘1821 மார்ச் 25: கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியது’ என்று போட்டிருந்தாயே, அதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. தப்பென்று சொல்ல வரவில்லை. கிரீஸில் பள்ளிப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்வார்கள். ஏதென்ஸில் அன்றைக்கு ராணுவ அணிவகுப்பே நடக்கும்.

கதை இதுதான். கலாவ்ரிதா ஊருக்குப் பக்கத்தில் ஆயியா லாவ்ரா மடம். பத்ராஸ் பேராயர் யெர்மானோஸ் அங்கே கொடியை உயர்த்தி, ஒட்டோமான் துருக்கியர் ஆட்சியை எதிர்த்த போராளிகளிடம் சத்தியம் வாங்கினாராம். ஓவியர் விரிசாகிஸ் 1865இல் அதை ஓவியமாகவே தீட்டிவிட்டார். அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் அந்தத் தேதியில் அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சண்டையோ முன்னமே மூண்டுவிட்டது. மார்ச் 23ஆம் தேதியே தெற்கில் கலாமாதா நகரம் மாவ்ரோமிகாலிஸ், கொலோகொத்ரோனிஸ் என்ற போராளித் தலைவர்களுடைய ஆட்களின் கைக்கு வந்துவிட்டது.

சரி, பிறகு ஏன் 25? அன்று மங்கள வார்த்தைத் திருநாள். இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாளிடம் சேதி சொன்ன நாள். அதையே தேசிய விழாவாக்கி 1838இல் மன்னர் ஓத்தோவின் அரசு ஆணையிட்டது. வேடிக்கை என்னவென்றால், 1924இல் மன்னராட்சியை ஒழித்து நாடாளுமன்றம் குடியரசை அறிவித்ததும் அதே மார்ச் 25தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1821இல் அங்கே பழைய ஜூலியன் நாட்காட்டி, இன்றைய நாட்காட்டிக்குச் சில நாட்கள் பின்தங்கியது. இன்றைய கணக்கில் அந்த மார்ச் 25 என்பது ஏப்ரல் 6. 1923இல் நாட்காட்டியை மாற்றியபோது பிப்ரவரி 15க்கு மறுநாளே மார்ச் 1 வந்தது. விழா மட்டும் 25ஐ விட்டு நகரவில்லை. 1941இல் ஜெர்மன் படை கிரீஸுக்குள் நுழைந்தது ஒரு ஏப்ரல் 6இல். அதை யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

எனக்குப் பிடித்தது அன்றைய சாப்பாடுதான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மீன் கூடாது. இந்தத் திருநாளுக்கும் குருத்தோலை ஞாயிறுக்கும் மட்டும் விலக்கு உண்டு. கடலே தெரியாத மலை ஊர்களுக்கு நல்ல மீன் எங்கே கிடைக்கும்? அதனால் உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், நம் கருவாடு மாதிரி. மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெய் விட்டு மசித்த ஸ்கொர்தாலியாவோடு சாப்பிடுவார்கள். உப்பு இறங்க ஒரு நாளாவது ஊற வேண்டும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, அந்த வீடுகளிலும் 25ஆம் தேதி வேலை முன்னமே தொடங்கிவிடும்.

அன்புடன்,
அண்ணன்