விஞ்ஞான அறைக்கு இணைய இணைப்பைத் திரும்பப் பெற்றுத்தரக் கோரும் மனு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

மதிப்பிற்குரிய கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் பிள்ளைகளின் விஞ்ஞான அறை பற்றி பெப்ரவரியிலும் மே மாதத்திலும் பதிவுத் தபாலில் எழுதினோம். பற்றுச்சீட்டுகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை. பாடசாலை தங்களுக்குப் புதிதல்ல. போன வருடப் பரிசளிப்பு விழாவுக்கு அந்த ஒடுங்கிய ஒழுங்கையால் நடந்துதான் வந்தீர்கள். மேடைக்கு நேர் மேலே, மாடியில் உள்ள அறையைத்தான் சொல்கிறேன்.

1. கட்டணம் கட்டாததால் ஜனவரியில் இணைய லைனைத் துண்டித்துவிட்டார்கள். யார் கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

2. பழைய மாணவர்கள் வாங்கித் தந்த புரொஜெக்டர் அலுமாரிக்குள் கிடக்கிறது. விஞ்ஞான அறையில் பிளக் பொயின்ட் வேலை செய்யவில்லை. பெற்றோர் நாங்களே காசு போட்டுத் திருத்துகிறோம் என்றோம். அனுமதி இல்லாமல் அரச கட்டடத்தில் கை வைக்கக்கூடாதாம். சரி, அந்த அனுமதியைக் கேட்டுத்தான் மே மாதம் தங்களுக்கு எழுதினோம்.

3. எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான். தரம் 11 இல் இப்போது குருதிச் சுற்றோட்டம் நடக்கிறது. டீச்சர் டிமை பேப்பரில் இதயத்தைச் சிவப்பும் நீலமுமாக வரைந்து கொண்டுவந்தார். அழகான படம். ஆனால் அது அசையாதே ஐயா. மேலே இருக்கும் சோணையறை சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இடையிலுள்ள வால்வு திறந்திருப்பதும், கீழே இருக்கும் இதயவறை சுருங்கும்போது அது மூடிக்கொள்வதும் கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும். அதனால் டீச்சர் தன்னுடைய போனில், தன்னுடைய டேட்டாவில் வீடியோவைப் போட்டு முன் வாங்கிலிருந்து கைமாற்றி விட்டார். 41 பிள்ளைகளுக்கு ஒரு போன். யன்னல் வெயில் பட்டால் திரையில் தங்கள் முகம்தான் தெரியுமாம். ஒருத்தி கொப்பியால் மறைத்துப் பிடிக்க, மற்றவர்கள் தலை முட்ட முட்டக் குனிந்து பார்த்தார்களாம். என் மகள் இருப்பது கடைசி வாங்கில். போன் அவளிடம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று இரவு குசினிக்கு வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கதவு போலச் சேர்த்துப் பிடித்து, "அம்மா, இந்த வால்வு மேல்பக்கம் திறக்குமா கீழ்ப்பக்கம் திறக்குமா?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். என்ன சொல்வது? நாளைக்கு டீச்சரைக் கேள் என்றேன்.

4. டீச்சர் எத்தனை மாதம்தான் சொந்தக் காசில் ரீலோட் போடுவார்?

5. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது வாட்ஸ்அப்பில் படிக்கச் சொன்னார்கள். கடன்பட்டுப் போன் வாங்கினோம். அன்றைக்கு வீட்டில் இணையம் இல்லாவிட்டால் படிப்பே இல்லை என்ற நிலைமை. இன்றைக்கு வகுப்பறையில் இல்லையே, அதை மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. லைன் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் அதை எப்படித் திறப்பது?

கோபத்தில் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது. தயவுசெய்து அந்த லைனைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். பிளக் பொயின்ட்டைத் திருத்த அனுமதிக் கடிதம் ஒன்று தாருங்கள், கூலியை நாங்கள் கொடுக்கிறோம். அதற்கும் தயக்கம் என்றால், ஒரு விஞ்ஞானப் பாட நேரத்துக்கு வந்து கடைசி வாங்கில் இருந்து பாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தரம் 11 மாணவி ஒருவரின் தாய்