மாத்திரைக்கு ஒரு மடக்கு தண்ணீர் போதாது

ஐயா,

இரவில் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்கு தண்ணீரோடு அப்படியே படுத்துவிடுவது நம் வீடுகளில் சகஜம். காலையில் எச்சில் விழுங்கினாலே நடுநெஞ்சில் கீறுவதுபோல் வலித்தால் 'கேஸ்' என்று சோடாவைத் தேடுகிறோம். (நெஞ்சுவலிக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுப்பதுதான் சரி.) இதயம் நன்றாக இருந்தால், உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்ட மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும்.

சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாய், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வளைவு அழுத்தும் இடத்தில் சற்றுக் குறுகும். ஈரம்பட்ட கேப்சூல் உறை பசையாகி அங்கே ஒட்டும். மருந்து கரைந்து அந்த ஒரே இடத்தைப் புண்ணாக்கும். பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் தரும் டாக்சிசைக்ளின் இதில் பேர்போனது. இரும்புச்சத்து, பொட்டாசியம், ஆஸ்பிரின் மாத்திரைகளும் லேசுப்பட்டவை அல்ல. எலும்புப்புரைக்கான அலென்ட்ரோனேட்டை விழுங்கியபின் குறைந்தது அரை மணி நேரம் படுக்கவே கூடாது.

முதலில் ஒரு மடக்கு குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ளுங்கள். வாய் உலர்ந்த முதியவர்களுக்கு இது மிக அவசியம். பிறகு உட்கார்ந்தபடி, ஒரு டம்ளர் (200 மி.லி.) தண்ணீரோடு மாத்திரை. தண்ணீரே இறங்காவிட்டாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துக் கடைக்காரர்கள் கவரில் 'இரவு 1' என்று கிறுக்குவதோடு 'படுக்க அரை மணி முன்' என்றும் சேர்த்து எழுதலாமே.

– ஒரு மருந்தாளுநர், திருச்சி