சாட்பாட் சொன்ன பதிலுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டத் தகவல்களை சாட்பாட் (கேள்விக்குத் தானாகவே பதில் சொல்லும் கணினி நிரல்) மூலம் மக்களிடம் கொண்டுபோவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லதுதான். ஆனால் அது தப்பான பதில் சொன்னால் யார் பொறுப்பு என்பதைக் கட்டுரை தொடவேயில்லை.

சட்டங்களை இணையத்தில் இலவசமாகத் தருவது புதிதல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்த வேலை 1992-லேயே தொடங்கிவிட்டது. இருந்தும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது பெரிதும் உதவியது. "வேலையை விட்டுவிட்டேன், முதலாளி கடைசி மாசச் சம்பளத்தைத் தரமாட்டேன் என்கிறார்" என்று தன் பேச்சிலேயே கேட்க ஒருவருக்கு இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சிக்கல் அடுத்த நொடியில் வருகிறது. அதே கேள்வியோடு வக்கீலிடம் போனால் அவர் பதில் சொல்வதற்கு முன் நம்மைக் கேள்வி கேட்பார்: எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, எந்தத் தேதியில் விலகினீர்கள், நோட்டீஸ் ஏதாவது வந்ததா? சாட்பாட் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்ட மாத்திரத்தில், துளியும் தயங்காமல் பதில் சொல்லிவிடுகிறது. சட்டத்தில் ஒரு தேதி மாறினால் பதிலே தலைகீழாகும்.

வக்கீல்களுக்கென்றே விற்கப்படும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) தேடல் கருவிகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-ல் சோதித்தபோது, ஆறு கேள்விக்கு ஒன்று என்ற அளவிலாவது தவறான தகவல் வந்தது. வக்கீலாவது மூலத்தைப் புரட்டிச் சரிபார்க்கலாம். அதைப் புரட்டத் தெரியாதவர்தானே சாட்பாட்டிடமே வருகிறார்?

நியூயார்க் மாநகராட்சி 2023 அக்டோபரில் சிறு வணிகர்களுக்காக ஒரு சாட்பாட்டைத் திறந்தது. ஊழியர்களின் டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம், கடையில் ரொக்கம் வாங்க மறுக்கலாம் என்றெல்லாம் அது சொன்னதை 2024 மார்ச்சில் பத்திரிகையாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். இரண்டுமே அங்கே சட்டவிரோதம். மாநகராட்சி அப்போது அதை மூடவில்லை, எச்சரிக்கை வாசகத்தைத்தான் இன்னும் அழுத்தமாகப் போட்டது. அரசு முத்திரையோடு பதிலும் சொல்லிவிட்டு, 'இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாதீர்கள்' என்று அடியில் ஒரு வரியும் எழுதிக்கொண்டால் என்ன நியாயம்?

கனடாவில் ஒரு தீர்ப்பாயம் இதை நேராகவே கேட்டது. உறவினர் இறப்புக்காகப் பயணிப்பவருக்கான துக்கச் சலுகையைப் பிறகு கேட்டு வாங்கலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் சொன்னதை நம்பி ஒரு பயணி முழுக் கட்டணத்தில் டிக்கெட் வாங்கினார், பிறகு அதைக் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பல்ல என்று வாதிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு தர உத்தரவிட்டது. விமான டிக்கெட்டுக்கே இப்படி என்றால், மேல்முறையீட்டுக் காலக்கெடுவைத் தப்பாகச் சொல்லும் அரசு சாட்பாட்டுக்கு எவ்வளவு பொறுப்பு இருக்க வேண்டும்!

அதனால், அரசோ நீதிமன்றமோ சாட்பாட் நடத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டப் பிரிவின் மூலவாசகமும், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியும் பதிலோடு வரட்டும். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லி, இலவசச் சட்ட உதவி மையத்துக்குக் கைகாட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பதிலை நம்பிக் காலக்கெடுவைத் தவறவிட்டவரின் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்க விதி வேண்டும். அந்தக் கனடாப் பயணி உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். எல்லோருக்கும் அது தோன்றாது. கேள்வி கேட்டவருக்கு உரையாடலின் தேதியிட்ட நகல் ஒன்றைத் தானாகவே அனுப்பிவைக்கும் வேலையை சாட்பாட்டை நடத்துபவரே செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்