'மீண்டுவிட்டது' என்று எழுதும் முன்

மதிப்பிற்குரிய புள்ளிவிவரத் துறையினருக்கும், ஊர்களின் தாங்குதிறனுக்குக் குறியீடு போடும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். நெருக்கடி ஓய்ந்ததும் எந்தப் பகுதி எவ்வளவு தாங்கியது என்று கணக்குப் போடுகிறீர்கள். வேலைவாய்ப்பு எவ்வளவு சரிந்தது, பழைய அளவுக்கு வர எத்தனை காலாண்டு ஆனது என்பதே பெரும்பாலும் அளவுகோல். ஊர் எழுந்துவிட்டதா என்பதை அது சொல்லும். எழுவதற்கு மக்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாது. என் மனக்குறை அதுதான்.

வேலையின்மை விகிதத்தையே பாருங்கள். வேலை தேடி அலுத்து, தேடுவதையே விட்டவர் அந்தக் கணக்கில் வேலையற்றவர் இல்லை. பிழைப்புக்காக வெளியூர் போனவர் ஊர்க்கணக்கிலேயே இல்லை. வேலை இழந்த நூறு பேரும் கிளம்பிப் போய்விட்டால் விகிதம் கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிடும். ஊர் வந்துவிட்டதா?

இன்னும் கிட்டப் போய் அளக்க முடியும். உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் ஜவுளி ஆலை மூடப்பட்டது. மாரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் 1930களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வு செய்தார்கள். தெருவில் போகிறவர்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள், எத்தனை முறை நிற்கிறார்கள் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நூலகத்தில் இரவல் போன புத்தகங்களை எண்ணினார்கள். நாள் முழுக்க நேரம் இருந்தும் வாசிப்பு சரிந்திருந்தது. எந்த வருமானப் பட்டியலில் இது தெரியும்?

அப்புறம், உணவு நெருக்கடிகளில் பயன்படும் சமாளிப்பு உத்திக் குறியீடு. அதன் சுருக்க வடிவத்தில் ஐந்தே கேள்விகள். கடந்த 7 நாளில் எத்தனை நாள் மலிவான உணவுக்கு மாறினீர்கள், உணவைக் கடன் வாங்கினீர்கள், அளவைக் குறைத்தீர்கள், வேளையைக் குறைத்தீர்கள், பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் குறைத்துக்கொண்டீர்கள்? எது எவ்வளவு கடுமையானதோ அதற்கேற்ப மதிப்பு கூடும். மற்றவற்றுக்கு மதிப்பு 1 அல்லது 2. பெரியவர்கள் குறைத்துக்கொண்டதற்கு 3. அந்த 3-ஐப் போட்டவர்கள் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் படிவத்திலும் இப்படிக் கேளுங்கள். தொழில் கருவியை விற்றார்களா? விற்றிருந்தால் இந்த வருடம் தாங்கியது அடுத்த வருடச் சம்பாத்தியத்தைத் தின்றுதான். பிள்ளையின் படிப்பை நிறுத்தினார்களா? கடன் யாரிடம், என்ன வட்டிக்கு? ஊரைவிட்டுப் போனவர்களையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள். முக்கியமாக, இதை நல்ல காலத்திலேயே ஒருமுறை அளந்து வையுங்கள். நெருக்கடி வந்தபின் தொடங்கினால் எதோடு ஒப்பிடுவீர்கள்?

கிடைத்த விடைகளை, உதவித்தொகை யாருக்கு என்று முடிவெடுக்கும் முன்பே, அந்த ஊர் மக்கள் கையில் கொடுங்கள். தவறு இருந்தால் அவர்களே திருத்துவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கில் ஒரு குடும்பமாக வருபவன்