0.04 யாருடைய எண்?

ஆசிரியருக்கு,

சித்திரை மாதம் கொழும்பில் உச்சி வெயில் கிட்டத்தட்ட நேரே தலைக்கு மேல்தான். எங்கள் வெள்ளவத்தை வீட்டு மேல்மாடியில் மத்தியானம் இருக்கவே முடியாது. சரி, புதிதாக எடுக்கும் அறைக்கு றெஜிபோம் (பெட்டிகளில் பொதி சுற்ற வரும் வெள்ளை நுரை, தெர்மோகோல்) மணி கலந்த சீமெந்துக் கல் போடுவோம் என்று ஒரு கடைக்குப் போனேன். "இது போட்டா ஏசி தேவையில்ல ஐயா" என்று சொல்லி ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். சரிபாதி றெஜிபோமாம், வெப்பக் கடத்தாறு (வெப்பம் எவ்வளவு சுலபமாக ஊடுருவும் என்ற எண், குறையக் குறைய நல்லது) 0.04 ஆம்.

அந்த 0.04 தனி றெஜிபோமின் எண்! கொங்கிறீற்றுக்கு ஏறக்குறைய 1.5 (இரண்டுக்கும் அலகு வாட்/மீற்றர் கெல்வின்). உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் பேனாவை எடுத்துப் பார்க்கலாம். இரண்டையும் சரிபாதியாக, வெப்பம் ஒன்றைத் தாண்டித்தான் மற்றதற்குள் போகவேண்டும் என்றபடி தட்டுத் தட்டாக அடுக்கினால் 0.08. அதே தட்டுகளை வெப்பம் ஓடும் திசைக்கே திருப்பி வைத்தால் 0.77. அளவு மாறவில்லை, விடை மட்டும் பத்து மடங்கு மாறுகிறது.

மணியாகக் கலந்தால் எது எதைச் சூழ்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். உருண்டைகள் கலந்த ஊடகத்தில் மின் எப்படிப் பாயும் என்று பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் 1873 இல் எழுதிய சூத்திரம் வெப்பத்துக்கும் பொருந்தும். அதில் போட்டுப் பார்த்தேன்: றெஜிபோமுக்குள் கொங்கிறீற் உருண்டைகள் என்றால் 0.14, கொங்கிறீற்றுக்குள் றெஜிபோம் மணிகள் என்றால் 0.63. கடையில் இருப்பது இரண்டாவது வகை, ஏனென்றால் சீமெந்து விடாமல் தொடர்ந்து பிடித்திருந்தால்தான் கல் நிற்கும், வெப்பமும் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும். (மணிகள் தள்ளித் தள்ளி இருக்கும்போதுதான் அந்தச் சூத்திரம் சரிவரும், ஆகவே என் 0.63 ஐயும் வேதவாக்காக எடுக்கவேண்டாம்.)

அப்புறம் மழை. சீமெந்தின் நுண்துளைகளில் உள்ள காற்றுக்கு 0.026, அங்கே தண்ணீர் புகுந்தால் 0.6. இருபது மடங்குக்கு மேல்! நம் ஊர்ச் சுவர் எத்தனை மாதம் காய்ந்து கிடக்கிறது?

முழுக் கல்லையே சூடான தகட்டுக்கும் குளிர்ந்த தகட்டுக்கும் நடுவில் வைத்து அளந்த எண்ணை, எவ்வளவு ஈரத்தில் அளந்தது என்பதோடு, இவர்கள் அச்சடிக்கட்டும். இதைப் பற்றிக் கட்டடத் துறையில் உள்ள யாரிடமாவது கேட்டு உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை போட்டால் வீடு கட்டுகிறவர்களுக்கு உதவும். கடைக்காரரைக் கேட்டேன், "அதெல்லாம் கொம்பனியிலதான் கேக்கணும்" என்றார். கொம்பனிக்கு மூன்று தடவை எடுத்தும் பதில் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06