‘கையெழுத்துப் போட மாட்டேன்’ என்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கிளை மருத்துவக் கல்லூரியின் முதல் அணி மாணவர்கள் வகுப்புக்கு வரத் தொடங்கி மாதங்கள் ஆகிவிட்டன. திறப்பு விழா மேடையில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த மடல் அந்தப் பட்டியலில் இல்லாதவர்களுக்கு. கோப்பு எப்படியாவது நகர்ந்தால் போதும் என்று எல்லோரும் பரபரத்த நாட்களில், “இது இன்னும் சரியாகவில்லை” என்று பேனாவை மூடி வைத்தவர்கள் நீங்கள். அன்றைக்கு உங்கள்மேல் எரிச்சல்தான் வந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவிலிருந்து தொடங்குகிறோம். மருத்துவமனையோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் கையில் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று பலரும் நினைப்பார்கள். அது விருப்பத்தைச் சொல்லும் தாள் மட்டுமே. பட்டம் யார் பெயரில், ஒழுங்கு நடவடிக்கை யார் கையில், மாணவர் கைபட்டு நோயாளிக்குக் கேடு நேர்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு, வார்டு மருத்துவர் பாடம் நடத்தும் மணிகள் யார் சம்பளக் கணக்கில் என்பதெல்லாம் இணைவு ஒப்பந்தத்தில்தான் வரும். அதில் ஒரு பிரிவை நீக்கச் சொல்லி நாங்களே கேட்டோம். கூட்டு முறிந்தால், அன்றைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர் அனைவருக்கும் பட்டம் முடியும்வரை பல்கலைக்கழகமே படிப்பை நடத்திக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. தாலி கட்டும்போதே மணமுறிவைப் பேசுவானேன் என்ற சங்கடம் எங்களுக்கு. நீங்கள் அசையவில்லை. படிப்பின் நடுவில் நிற்கும் ஒரு மாணவிக்கு அந்த நான்கு வரிதான் காப்பு.

கிளையின் கல்வித் தலைவர் தாய் வளாகத்தின் டீனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று எழுத்தில் வைத்ததும் நீங்களே. அமெரிக்காவில் மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ. இதைத் தன் நெறிகளிலேயே சேர்த்திருக்கிறது. எந்த வளாகத்தில் படித்தாலும் கற்பித்தலும் மதிப்பீடும் ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதும் அதன் நெறி. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து எழுதிய அறிக்கையில், ஆய்வுக்கூடம் பெயரளவில், மருத்துவமனைத் தொடர்பு அதைவிடப் பெயரளவில் என்றிருந்த பள்ளிகளைத்தான் கடுமையாகச் சாடினார். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் ஒரு கிளை சறுக்கும் இடங்கள் அவையே.

அடுத்து, இறந்தவர் உடலை அறுத்து உடற்கூறு படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலின் காற்றோட்டத்தை அளக்க வந்த பொறியாளருக்கு. நீங்கள் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், இனிக் கிளை தொடங்குகிறவர்களுக்கும் உதவும்.

உடலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்பது ஏறக்குறைய 37 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள்களில் சேர்த்தது. அமெரிக்கப் பணியிட விதிப்படி காற்றில் அதன் 8 மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 0.75 பங்கையும், 15 நிமிடச் சராசரி 2 பங்கையும் தாண்டக் கூடாது. முதல் வரைபடத்தில் உறிஞ்சு துவாரங்கள் எல்லாம் கூரையில் இருந்தன. ஆவி கிளம்புவது மேசை மட்டத்தில். அதன்மேல் குனிந்திருப்பது மாணவர் முகம். கூரை வழியே இழுத்தால் ஆவி முகத்தைக் கடந்துதான் வெளியே போகும். மேசை விளிம்பிலேயே துளை வைத்துக் கீழ்நோக்கி இழுக்கும் மேசைகள் வேண்டும் என்றீர்கள். பட்ஜெட் அழுதது, ஆனாலும் மாற்றினோம்.

அதோடு விட்டீர்களா? ஹால் காலியாக இருந்தபோது எடுத்த அளவீடு அழகாக வந்தது. “உடல்களே இல்லாத ஹாலில் எடுத்த அளவு எனக்கு எதற்கு?” என்று கேட்டு ஏற்க மறுத்தீர்கள். எல்லா மேசையிலும் உடல்கள் மூடி திறந்த நிலையில், ஆட்கள் குனிந்து வேலை செய்யும்போது, மூக்கருகே சட்டைக் காலரில் ஆவியை அளக்கும் சிறு பட்டையைக் குத்தி மறுபடி அளந்தீர்கள். மார்புக் கூட்டையும் வயிற்றையும் திறக்கிற வாரத்தில், உள்ளே தேங்கிய திரவம் வெளிப்படும்போது, அளவு எகிறும் என்று எச்சரித்ததும் நீங்கள். காற்று போகும் திசையைக் காட்டும் புகைக் குழலை ஊதிக் காட்டியபோதுதான் இன்னொரு கோளாறு கண்ணில் பட்டது. மேலிருந்து குளிர்காற்றை இறக்கும் ஒரு வாய் நேராக மூலை மேசையின்மேல் வீசிக்கொண்டிருந்தது. மேசை கீழே இழுக்க, அந்தக் காற்று ஆவியைப் பக்கவாட்டில் சிதறடித்தது. வாயின் தகடுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பியதில் சரியாயிற்று. செலவு ஒரு திருகுளியும் அரை மணி நேரமும்.

ஹாலின் கதவை முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கக் கூடாது என்ற பலகையும் உங்கள் கைவண்ணம். உள்ளே வருவதைவிட வெளியேறும் காற்று அதிகமாக இருந்தால்தான் வாடை தாழ்வாரத்துக்கு வராது. கதவு திறந்தே கிடந்தால் அந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும்.

லிஃப்டை அளந்து பார்த்த கட்டட மேற்பார்வையாளரையும் இங்கே நினைக்கிறோம். ஒரு ஆள் நீட்டிப் படுத்த டிராலிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். பயணிகள் லிஃப்ட் ஆழம் போதாது. வரைபடத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. நீங்கள் டேப்போடு வந்து பார்த்தீர்கள்.

துப்புரவுப் பணியாளர்களுக்கு: மேசையைப் பிளீச் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று உங்களிடம் சொன்னவர், காரணத்தைச் சொல்லவில்லை. நீங்கள் விடாமல் கேட்டதால்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பிளீச்சும் ஃபார்மலினும் சேர்ந்து வினைபுரியும், வெளிப்படும் ஆவி மூச்சுக்குக் கேடு. சோப்பும் தண்ணீருமே போதும். மேசைக்கடியில் சேரும் திரவத்தைச் சாக்கடையில் விடாமல் தனிக் கலனில் எடுத்து வைப்பதும் இப்போது உங்கள் மேற்பார்வையில். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களையும் ஃபார்மலின் கொன்றுவிடும்.

செய்முறைப் பயிற்சிக்கூடத்தின் டெக்னீஷியனுக்கு ஒரு தனி நன்றி. இதயம் நின்றவரின் மார்பை அழுத்திக் காப்பாற்றப் பழகும் பொம்மைகள்தான் மானிகின்கள். இலவசமாக வந்த பழையவற்றைத் திருப்பி அனுப்பியவர் நீங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மார்பில் லேசாக அழுத்தினாலே 5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அந்த லேசான அழுத்தம் மாணவர் கையில் பதிந்துவிட்டால் நிஜ மார்பில் ஆழம் போதாது. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். இதைக் கை பழக வேண்டுமானால் பொம்மை ஒழுங்காக இருக்க வேண்டும். தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மானிகின் விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

இரு வளாகத்துக்கும் சேர்த்து ஒளிபரப்பாகும் வகுப்புகளில் வந்த தொல்லைகளைத் தீர்த்த ஒலி-ஒளிக் குழுவுக்கு நன்றி. எதிரொலி, மைக் ஊளை எல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராதது லேசர் சுட்டி. பேராசிரியர் திரையில் சிவப்புப் புள்ளியை வைத்து “இந்த நரம்பைப் பாருங்கள்” என்பார். தாய் வளாகத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். இங்கே வருவது கணினியிலிருந்து நேராக அனுப்பப்படும் ஸ்லைடு, அதில் புள்ளி இருக்காது. எந்த நரம்பு என்று தெரியாமலே ஒரு மணி நேரம் போகும். லேசரை எல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டி, மவுஸ் அம்பை மட்டும் பயன்படுத்த வைத்தீர்கள். கேள்வி நேரத்தை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கிளையிலிருந்து தொடங்குவது என்ற வழக்கமும் உங்கள் யோசனை. இல்லாவிட்டால் கிளைக்காரர் மைக்கைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும்.

நூலகருக்கு: மின் இதழ் உரிமங்கள் வளாகத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் வைத்துத் தரப்படுபவை, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்ததாலேயே கிளைக்கும் பொருந்திவிடாது என்று முதலில் சொன்னவர் நீங்கள். மருத்துவமனை நெட்வொர்க் வேறு என்பதால் வளாகத்தில் திறக்கும் இதழ் வார்டில் திறக்காது என்பதையும் கண்டுபிடித்து, பல்கலைக்கழகக் கணக்கால் உள்நுழையும் வழியை அமைத்தீர்கள்.

மருத்துவமனையின் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரோடுதான் எங்களுக்கு மிக நீண்ட வாக்குவாதம். முதல் ஆண்டிலேயே மாணவர் வார்டுக்குப் போக வேண்டும் என்கிறது பாடத்திட்டம். ரத்தம் வழியே பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசித் தவணைக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்த அன்றே முதல் ஊசி போட்டாலும் முடிவு தெரிய ஏழெட்டு மாதமாகும். “முடிவு வராதவர் கையில் ஊசி வராது” என்றீர்கள். அப்படியே ஆனது. அதுவரை நோயாளியோடு பேசலாம், நாடி பார்க்கலாம், ரத்த அழுத்தம் அளக்கலாம். ரத்தம் எடுக்க முடியாது. முதல் ஊசியைச் சேர்க்கை நாளிலேயே போடும் ஏற்பாடும் உங்களால் வந்தது.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் அச்சடித்துத் தந்த சிறு அட்டை ஒவ்வொரு மாணவரின் அடையாள அட்டைக்குப் பின்னாலும் இருக்கிறது. சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவு, பிதுக்காதே, உடனே சொல். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற எண்ணும் அதில் உண்டு. திட்டு விழும் என்று பயந்து மறைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து என்று மாணவர்களிடம் நீங்கள் நேரில் வந்து சொன்னதும் நல்லதாயிற்று.

வார்டு சிஸ்டர்களே, ஒரு கட்டிலைச் சுற்றி நான்கு பேருக்கு மேல் விட மாட்டோம் என்று நின்றீர்கள். அட்டவணையை மூன்று முறை திருத்தி எழுதினோம். மாணவர்கள் எதிரில் நிற்கும்போது “உங்களைப் பரிசோதிக்கலாமா?” என்று கேட்டால் நோயாளி மறுக்கக் கூச்சப்படுவார், அதனால் முன்கூட்டியே தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்கு வருகிறோம். கிளைக்குத் தனி வினாத்தாள் கேட்டோம், கிடைக்கவில்லை. இப்போது புரிகிறது. ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி, மாணவர் நிலையம் நிலையமாக நகர்ந்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. அதன் உயிரே எல்லோருக்கும் ஒரே நிலையங்கள், ஒரே நேரம், ஒரே மதிப்பெண் தாள் என்பதில் இருக்கிறது. 12 நிலையம், ஒன்றுக்குப் படிக்கவும் மாறவும் சேர்த்து 10 நிமிடம் என்றால் ஒரு சுற்று இரண்டு மணி நேரம். இரண்டு வளாகத்திலும் மணியை ஒரே கடிகாரத்திலிருந்து அடிக்க வைத்தீர்கள். முதல் சுற்று முடித்தவர் இரண்டாம் சுற்றுக்காரரைச் சந்திக்காதபடி காத்திருப்பு அறையும் கைபேசிப் பையும் வைத்தீர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் இரு வளாகத் தேர்வாளர்களும் ஒரே காணொளியைப் பார்த்து மதிப்பெண் போட்டபோது, ஒருவர் தேர்ச்சி என்றதை இன்னொருவர் தோல்வி என்றார். அந்த விவாதம் தேர்வுக்குப் பிறகு நடந்திருந்தால் வழக்காகியிருக்கும்.

அந்தத் தேர்வில் நோயாளி வேடம் ஏற்றவர்களுக்கும் நன்றி. 1960களில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கி வைத்த முறை இது. நெஞ்சுவலி இடக்கைக்குப் பரவுகிறது என்பதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், தானாகச் சொல்லக் கூடாது. ஒரு வளாகத்தில் ஒருவர் இரக்கப்பட்டுச் சொல்லிவிட்டால் அங்கே தேர்வு எளிதாகிவிடும். நீங்கள் இரக்கப்படவில்லை. வயிற்று நிலையத்தில் இருந்தவருக்கு, இருபது பேர் அழுத்திய பிறகு நிஜமாகவே வலித்தது. அடுத்த முறை அந்த நிலையத்துக்கு இருவர் மாறி மாறி.

கடைசியாக, உடல்தானம் செய்தவர்களின் குடும்பத்தாருக்கு. தமனி வழியே திரவம் ஏற்றிய உடல் நன்றாகப் பதமாகச் சில மாதங்கள் வேண்டும் என்பதால், இந்த ஆண்டு இங்கே மேசையில் இருப்பவர்கள் கட்டடம் முடியும் முன்பே தாய் வளாகத்துக்கு வந்துவிட்டவர்கள். ஒவ்வொருவர் கணுக்காலிலும் எண் பொறித்த வில்லை உண்டு. மேசைக்கடியில் உள்ள மூடிபோட்ட வாளியிலும் அதே எண். பிரிக்கும்போது வரும் கொழுப்பு, தோல், தசைத் துணுக்கு எதுவும் அடுத்த மேசை வாளிக்குப் போகக் கூடாது. மாலையில் ஹால் பூட்டும் முன் உதவியாளர் எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். உறுப்பு எதையும் தனியே எடுத்தால் அதற்கும் அந்த எண்ணிலேயே ஒரு வில்லை. ஆண்டு முடிவில் ஓர் எண்ணுக்கு உரியவை எல்லாம் ஒரே பெட்டியில் சேரும். திரும்பப் பெற விரும்புவதாக எழுதிக் கொடுத்த குடும்பங்களுக்குத் தேதியை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவிப்போம். முகவரி மாறியிருந்தால் பல்கலைக்கழகத்தின் உடல்தானப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிளை தொடக்கப் பணிக்குழு