டிஜிட்டல் சொத்து வரிப் பாடக்குறிப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சட்ட மாணவர்களுக்கான டிஜிட்டல் சொத்து (கிரிப்டோ போன்றவை) வரிப் பாடக்குறிப்பு தமிழில் முடிந்துவிட்டது. பிரிவுகளை எடுத்து அச்சடிக்க யாராலும் முடியும். அவை கணக்குப் புத்தகத்தில் எங்கே இடிக்கின்றன என்று காட்டியவர்கள் நீங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர் ஐயாவுக்கு முதல் நன்றி. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி என்பது ஊரறிந்த சங்கதி. நஷ்டத்தைக் கழிக்க முடியாது என்பதுதான் பலருக்கு உறைப்பதில்லை. அவர் போட்டுக் கொடுத்த கணக்கு இது: பிட்காயின் 1,00,000 ரூபாய்க்கு வாங்கி 1,60,000க்கு விற்பனை, ஈதர் 80,000க்கு வாங்கி 50,000க்கு விற்பனை. கையில் நிற்கும் லாபம் 30,000. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஎச் பிரிவுப்படி வரி 60,000க்கு. 18,000 வரி, அதன்மேல் 4% செஸ் 720, ஆக 18,720. ஈதர் நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. கடுமையான விதிதான், எங்களுக்கும் அதில் உடன்பாடில்லை. பாடத்தில் அதையும் எழுதியிருக்கிறோம்.

"நஷ்டத்துக்கு வித்தேன், அதுலயும் எதுக்குங்க 1% புடிச்சாங்க?" என்று கேட்ட கொலுசுப் பட்டறை அண்ணனுக்கு நன்றி. 194எஸ் பிரிவின் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) லாபத்தின் மேல் அல்ல, விற்ற தொகையின் மேல். மேலே உள்ள கணக்கில் 2,100 ரூபாய் பிடித்தம்; மீதி 16,620 கட்ட வேண்டும். நஷ்டம் மட்டுமே என்றாலும் ரிட்டர்ன் போட்டால்தான் பிடித்த பணம் திரும்பும். எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) வழியாக இல்லாமல் நேரடியாக ஆளுக்கு ஆள் கைமாறினால், பிடித்துக் கட்டுகிற பொறுப்பு வாங்குபவருடையது. முந்தைய ஆண்டு வியாபாரம் 1 கோடியைத் தாண்டாதவருக்கு ஆண்டுக்கு 50,000 வரை பிடித்தம் தேவையில்லை. அந்த 50,000ஐத் தாண்டினால் படிவம் 26க்யூஇ, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள். டேன் எண் (வரி பிடித்துக் கட்டுபவர்களுக்கான எண்) இல்லையே என்று விட்டுவிடுகிறார்கள். இவர்களுக்கு பான் எண்ணே போதும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர் வருமான வரி விதி 7பி கணக்கைத் திறந்து காட்டினார். விளைவித்துப் பதப்படுத்தி விற்றால், உரம், கூலி எல்லாம் கழித்தபின் வரும் வருமானத்தில் 25 சதவீதத்துக்குத்தான் மத்திய வருமான வரி. வறுத்து அரைத்து விற்றால் 40. கிரிப்டோவில் வாங்கிய விலையைத் தவிர எதுவும் கழியாது, மைனிங்குக்கு எரிந்த மின்சாரம் உட்பட. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதுதான் மாணவர்களுக்குப் பிடிபட்டது.

கணினித் துறை மாணவிக்குத் தனி நன்றி. சில எக்ஸ்சேஞ்சுகளின் பட்டியலில் நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) முறையில் இருக்கும். நம் நேரப்படி ஏப்ரல் 1 விடியற்காலை 5.30க்கு முன் நடந்த விற்பனை அதில் மார்ச் 31 என்று விழும், நிதியாண்டே மாறிவிடும். பிட்காயினைக் கொடுத்து யூஎஸ்டிடி என்ற வேறொரு கிரிப்டோ வாங்கினாலும் அது விற்பனைதான். ரூபாயாக வங்கிக்கு வந்ததை மட்டும் எழுதுபவர்களின் ரிட்டர்னில் உள்ள விடிஏ (டிஜிட்டல் சொத்து) அட்டவணை இங்கேதான் ஓட்டையாகிறது.

வரி போட்டதாலேயே கிரிப்டோ நாணயமாகிவிடாது என்று சேர்க்கச் சொன்ன வழக்கறிஞருக்கும் நன்றி. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் சொத்து என்றுதான் சொன்னது. 194எஸ் பிடித்தம் பற்றிய 2022 ஜூன் மாதத்து 13, 14ஆம் எண் சுற்றறிக்கைகளைத் தேடித் தந்த நூலகருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த எண்களெல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் அட்டவணையைச் சரிபார்த்துத் தர ஒப்புக்கொண்ட இரண்டு ஆடிட்டர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

இப்படிக்கு,
வரிச் சட்ட ஆசிரியர்கள் சிலர், சேலம்